என் தலைமேல் இரண்டு சத்தியம்

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. நாங்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்த உறுப்பினர் பாதிக் காலத்திலேயே இறந்துபோயிருந்தார். அவர் இறந்ததற்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். தேர்தலுக்கும் லீவு உண்டு என்றார்கள். இரண்டு லீவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடுவதுபோல இதுவும் வருஷாவருஷம் வரும் என்று நம்பிக்கொண்டு, அடுத்த வருஷம் எந்த மாசம் வரும் என்று பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் மெதுவாகக் கேட்டேன். அவன் எழுந்து நின்று சத்தமாக வாத்தியாரிடம் கேட்டுவிட்டான். வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இருக்கிற மனுசரையாவது நல்லா இருக்க விடுங்கடா என்றார்.

ஆனால் வருஷாவருஷம் வந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஊர் அப்படி ஆகிப்போயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதுவரை பார்த்திராத நம்பர்களோடு ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு திரிந்தன. ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜிலும் இடம் இல்லை, கல்யாண மண்டபங்களில் எல்லாம் வேட்டி காய்கிறது என்று அப்பா சொன்னார். எங்கள் தெருவுக்குப் புதுசாகத் தார் போட்டார்கள். மத்தியான வெயிலில் அது இளகி, நடக்கிறவர்களின் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. தெருவிளக்கு பகலிலும் எரிந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் வெளியூர்க்காரர் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, வாங்க" என்றார். அதுவரை என்னை யாரும் 'வாங்க' என்று சொன்னது கிடையாது. எனக்குப் பின்னால் பெரிய ஆள் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் எனக்கு அந்த இடம்தான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் வருகிறவர்கள் காலிலிருந்து முழங்கைவரைக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் வீடு மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஷிப்டுக்குத் தகுந்தபடி பஸ் ஏறிப் போவார், வருவார். அம்மா வீட்டில் இருந்தபடி தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். கம்பெனி வேனில் கட்டுக்கட்டாகப் பெட்டி வந்து இறங்கும். பக்கத்தில் ஒரு சட்டியில் மைதாப் பசை, மடியில் லேபிள். பேசிக்கொண்டேதான் ஒட்டுவாள். ஆனால் ஒன்றுகூடக் கோணலாகி நான் பார்த்ததில்லை.

அப்பா ஒரு கட்சி. வன்னியம்பட்டியில் இருந்த என் தாய்மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், இன்னொரு கட்சி. இரண்டு சின்னங்களின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை இன்றும் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் இருக்கின்றன. மாமா கட்சி, அப்பா கட்சி என்றே வைத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மந்திரிகள் ஊருக்குள் வந்து போனபோது, இவர்கள் எல்லாம் எங்கள் மாமாவின் ஆட்கள் என்று பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு அப்போது வேலை கிடையாது. கட்சிதான் வேலை. ஜெயித்தால் ஒரு வாட்ச்மேன் உத்தியோகம் வாங்கித் தருவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த உத்தியோகம் வந்தால் பெண் கொடுப்பதாக ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் எங்கள் தெருவுக்குத் தினமும் சைக்கிளில் வந்தார். வந்தால் அப்பா இருக்கிறாரா என்று வாசலில் இருந்தே செருப்பைப் பார்ப்பார். செருப்பு கிடந்தால் சைக்கிள் அப்படியே திரும்பிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பு இல்லை. மாமா ஒரு பொட்டலம் காரச்சேவோடு உள்ளே வந்து, அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"எக்கா, கட்சி ஆபீஸ்ல என்னைய வச்சு எல்லாரும் சிரிக்காக. 'ஒங்கக்கா ஓட்டையே ஒன்னால வாங்க முடியாது, நீ எப்படிய்யா தெருவ வாங்குவ'ங்காக."

"வாங்குறதுக்கு அது என்ன கத்திரிக்காயா?" என்றாள் அம்மா, ஒட்டிக்கொண்டே.

"சிரிக்காத. நீ மச்சான் சொல்லுற எடத்துலதான குத்துவ?"

"நான் எங்க குத்துனா ஒனக்கென்ன? குத்துற அன்னைக்குக் குத்துவேன்."

"அதெல்லாம் வேண்டாம். இப்பவே தெரியணும். எங்க என் மருமகன்? ஏலே மருமகனே, இங்க வா."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து காரச்சேவுக்காக வந்தேன் என்பதே உண்மை. மாமா என் தோளைப் பிடித்து அம்மாவுக்கு முன்னால் உட்காரவைத்தார். அம்மாவின் கையைப் பிடித்து என் உச்சந்தலைக்கு மேலே கொண்டுவந்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

"ஏலே, பிள்ள தலையில வேண்டாம். அம்மன் பேரச் சொல்லிச் செய்யுதேன்."

"அம்மன் மன்னிச்சிரும். அதான் பிள்ள தலைங்கேன். ஒம் பிள்ளமேல அடிச்சுச் சொல்லு, என் சின்னத்துல குத்துவேன்னு. நான் நிம்மதியாப் போயிருதேன். எனக்கு வேற யாருக்கா இருக்கா?"

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கை என் தலைமேல் இறங்கியது. அடிக்கவில்லை; வைத்தாள். "குத்துதேன்டா" என்றாள். மாமா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் சேவைத் தின்றேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் யோசித்தேன். அம்மா மாமாவின் சின்னத்தில் குத்தாமல் போனால், அது எப்படி என் தலைக்குத் தெரியும்?

இந்த விஷயம் எப்படியோ பஸ் ஏறி ராஜபாளையம் போய்விட்டது. இரண்டொரு நாளில் அப்பா காலை ஷிப்டு முடிந்து வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. சட்டையையும் கழற்றவில்லை.

"சோறு ஆறுது" என்றாள் அம்மா.

"ஒந்தம்பி வந்து பிள்ள தலையில சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கான். அது மில்லு கேட் வரைக்கும் வந்து கெடக்கு. 'வீட்ல மச்சினன் ஆட்சியாமே'ன்னு கேக்கானுவ."

அம்மா பசையைத் தொட்டு ஒரு லேபிளில் தடவினாள்.

"பண்ணுனியா, இல்லையா?"

"பண்ணுனேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுக் கேட்டான்."

"சரி. எனக்கும் ஒண்ணு பண்ணு."

அம்மா லேபிளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு பிள்ளைக்கு எத்தன தல இருக்கு?"

அப்பா மில்லில் சங்கத்துக்காரர். பேச்சுவார்த்தைகளில் பின்னால் நின்று கேட்டுப் பழகியவர். அதற்கும் பதில் வைத்திருந்தார். "அவன் வாங்குனது பழைய ஒப்பந்தம். நான் வாங்குறது புது ஒப்பந்தம். புதுசு வந்துட்டா பழசு செல்லாது. எங்க வேணும்னாலும் போய்க் கேளு."

"சாமி கிட்ட போயி கேக்கவா?"

"ஏட்டி, வாயடிக்காத. நாளப்பின்ன நான் மில்லுக்குள்ள தலைநிமிந்து போணுமா, வேண்டாமா?"

தலை என்ற சொல் வந்ததும் நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா இந்தத் தடவை வாதாடவில்லை. அவருக்கும் சேர்த்து என் தலைமேல் கையை வைத்து, "நீங்க சொல்லுத சின்னத்துல குத்துதேன், போதுமா?" என்றாள். அவசரத்தில் கையைத் துடைக்க மறந்திருந்தாள். பசை என் உச்சியில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அது காய்ந்து, மயிரோடு சேர்ந்து ஒரு வில்லையாக நின்றது. மாமாவின் சத்தியம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்க, அப்பாவின் சத்தியத்தை மட்டும் நான் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடாமல் திரிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளி அதைக் கண்டுபிடித்தான். நான் வேறு யாரிடமும் பேசமாட்டேன். அவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவன் என் தலையைத் தேங்காய் பார்ப்பதுபோல நாலு பக்கமும் தட்டிக் காதை வைத்துக் கேட்டான்.

"பொய்ச் சத்தியம்னா தல வெடிச்சிரும்டா. எந்தச் சத்தியம் பொய்யோ அந்தப் பக்கம் வெடிக்கும்."

"ரெண்டையும் உச்சியிலதான வச்சாக."

அவன் நன்றாக யோசித்தான். "அப்பம் நடுவுல ரெண்டாப் பொளக்கும்" என்றான்.

எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது, எப்படி என்று பார்க்க. ஆனால் பிளக்கும்போது என் தலையை நானே எப்படிப் பார்ப்பது? அவனைக் கூடவே இருந்து பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவனும் சரி என்றான். அன்று சாயங்காலம் அம்மாவிடம், "நீ யாருக்கும்மா போடுவ?" என்று கேட்டேன். "போடும்போது போடுவேன். போயி வெளயாடு" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் மாதிரி ஓட்டுச் சீட்டு. இப்போதுபோல மிஷினில் பட்டனை அமுக்குகிற வேலை அப்போது இல்லை. பாய் மாதிரி நீளமாக ஒரு சீட்டு. அதில் வரிசையாகப் பெயரும் சின்னமும். பிடித்த சின்னத்தின்மேல் ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். இடைத்தேர்தல் என்பதால் சுயேச்சைகள் கணக்கில்லாமல் நின்றார்கள். மாமா சீட்டை அம்மாவின் முன்னால் விரித்து, பாடம் நடத்தினார்.

"முத்திரைய அங்க இருக்க ஆபீசரே மையில தொட்டுத்தான் குடுப்பாரு. நீ நேரா மறைப்புக்குள்ள போயி, நம்ம சின்னத்துல ஒரே குத்து. மடிச்சுப் பெட்டியில போட்டுரு. அம்புட்டுதான்."

"கை தவறி வேற எடத்துல குத்திட்டா?"

"அது அவனுக்குப் போயிரும்."

"அழிச்சிட்டு மறுபடி குத்தக் கூடாதா?"

"அழிக்கவா? இது என்ன சிலேட்டா? ஒரு சின்னத்துக்கு ரெண்டு சின்னமாக் குத்துனா செல்லாத ஓட்டு. அதத் தூக்கி ஓரத்துல போட்டுருவாக. அவனுக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது."

"ஓ" என்றாள் அம்மா. அடுத்த லேபிளை எடுத்தாள். "காப்பி குடிச்சிட்டுப் போறியா? அவிய வர நேரமாகும்."

தேர்தல் அன்று என் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. எங்கள் பெஞ்சுகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. வாத்தியாரின் மேசைமேல் அட்டையை மடக்கி நிறுத்தி ஒரு மறைப்பு. அம்மா தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம். எனக்கு அந்த மறைப்புக்குள் போக வேண்டும். அங்கே என் தலையின் கதி முடிவாவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா தன் கட்சிக்காரர்களோடு நின்றிருந்தார். நாங்கள் வந்ததும் அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். அறைக்குள் விட்டுவைத்திருந்த ஒரு பெஞ்சில் மாமா தன் கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். அங்கே பேசக் கூடாது போலிருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் தன் உச்சந்தலையை ஒரு விரலால் தட்டிக் காட்டினார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி விரலை நீட்டி மை வைத்துக்கொண்டாள்.

"பையனுக்கும் ஓட்டு இருக்கா?" என்று ஆபீசர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவின் சேலையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கூச்சக்காரன் சார், தனியா நிக்க மாட்டான்" என்றாள் அம்மா.

ஆபீசர் முத்திரையை மைப்பெட்டியில் ஒரு தரம் அழுத்தி எடுத்துக் கொடுத்தார். மறைப்புக்குப் பக்கத்தில் போனதும் நான் நுனிக்காலில் எழும்பினேன். மேசை விளிம்பும், விரித்த சீட்டின் ஓரமும் தெரிந்தன. அதற்குள் அம்மாவின் இடது கை என் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் கஞ்சிச் சேலை. மூச்சே அதற்குள்தான் விட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடி ஒரு 'டக்'.

தபாலாபீசில் நான் பார்த்திருக்கிறேன். மைப்பெட்டியில் ஒரு குத்து, கவரில் ஒரு குத்து. அதேபோல் இதற்கும் இரண்டு சத்தம் வரும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் எந்தச் சின்னத்தில் என்பது தெரியாமல் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேலையை விலக்கிப் பார்த்தபோது அம்மா சீட்டை நாலாக மடித்து முடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் அம்மா நேரே பள்ளிக்கூடத்துக் குழாயில் என் முகத்தைக் கழுவிவிட்டாள். கேட்காமலே குச்சி ஐஸ் வாங்கித் தந்தாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஐஸ் என்று வாயைத் திறந்தாலே உதை விழும். இன்னொன்று வேணுமா என்றும் கேட்டாள். அதையும் வாங்கித் தின்றேன். பிறகு பெட்டிகளுக்கு அரக்கு வைத்து லாரியில் ஏற்றுகிறவரை கூட்டாளியோடு வெயிலில் நின்றேன். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். லாரியைப் பார்க்காமல் முழு நேரமும் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல். கொதித்தது. கண்ணைத் திறந்தால் வலித்தது.

அப்பா வேலைக்குக் கிளம்பி நின்றவர் என் நெற்றியில் கை வைத்தார். கையை எடுக்கும்போது அவர் முகம் வேறாக இருந்தது. அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "நெசத்தச் சொல்லு. எனக்குச் சொன்னத மீறிட்டியா?"

"மீறல. சொன்னபடி ஒங்க சின்னத்துல குத்துனேன்."

அப்பாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடியே இருண்டது. அவர் சின்னத்தில் குத்தியிருந்தால், மாமாவுக்குச் செய்த சத்தியம் பொய்யாகிப் போனது அல்லவா? அதை வற்புறுத்திப் பொய்யாக்கியவர் அவரேதானே? அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போகாமல் திண்டாடிக்கொண்டு வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தார். பின்பு எங்கேயோ கிளம்பிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். யாரோ தெருவில் சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்தார்.

"எக்கா, எனக்குக் குத்துனியா, இல்லியா?"

"ஒனக்குக் குத்தாம? சொன்னபடி ஒஞ்சின்னத்துல குத்துனேன்டா."

மாமாவுக்கும் அதேதான் நடந்தது. முதலில் பல்லைக் காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அப்படின்னா மச்சானுக்குப் பண்ணுன சத்தியம்?" என்று தனக்குத்தானே கேட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

அம்மா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தாள். எனக்குச் சாதாரணமாக ஒரு தும்மல் வந்தாலே மிளகாய் வற்றலைச் சுற்றி அடுப்பில் போடுகிறவள். அன்று ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, கஞ்சியை ஆற்றிக்கொண்டே லேபிள் ஒட்டினாள். "ஐஸத் தின்னுட்டு வெயில்ல நின்னா காய்ச்சல் வராம என்ன செய்யும்? நாளைக்குச் சரியாப் போவும்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. தலை பிளக்கப்போகிற பிள்ளையிடம் இப்படியா பேசுவது? தலையைத் தடவிப் பார், எங்கேயாவது விரிசல் தெரிகிறதா என்று சொன்னேன். அவள் விரலை விட்டு அளைந்து பார்த்தாள். பசை வில்லையைக் கிள்ளி எடுத்துப் போட்டாள். "ஒரு விரிசலும் இல்ல. தேங்கா கணக்கா இருக்கு. தூங்கு" என்றாள்.

அன்று மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில் நடந்ததை மாமா பின்னாளில் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சாமி நோய் தீர்க்கிற சாமி. மாமா தேங்காய் பழத்தட்டோடு சன்னதிக்கு முன்னால் போய் நின்றபோது, அங்கே ஏற்கெனவே மில் சட்டையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். கையில் தேங்காய் பழம். அப்பா. ஒரு மாசமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, என்னுடைய அதே பெயரைக் குருக்களிடம் சொன்னார்கள். குருக்கள், ஒரே பையனா, இரண்டு பையனா என்று கேட்டாராம்.

இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் திரும்பி வந்தார்கள். மாமா மிதித்தார், அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் அம்மா முன்னால் தலையைக் குனிந்து நின்றார்கள்.

"நான் கேட்ட சத்தியத்த நானே திருப்பி வாங்கிக்கிட்டேன்க்கா, சாமி முன்னால வச்சு" என்றார் மாமா. "பிள்ளைக்கு மொட்ட போடுறதா வேண்டிக்கிட்டேன்."

அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். "மாப்ள, நானும் அதத்தான் வேண்டியிருக்கேன்."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஒரு தலைக்கு ரெண்டு சத்தியம் வாங்குனீக. இப்பம் ஒரு தலைக்கு ரெண்டு மொட்டையா? மயிரு மொளைக்கவாவது விடுவீகளா, மாட்டீகளா?"

எனக்கு மறுநாளே காய்ச்சல் இறங்கியது. வெள்ளிக்கிழமை வைத்தியநாத சுவாமி சன்னதிக்கு வெளியே வைத்து என் தலையை வழித்தார்கள். இரண்டு வேண்டுதலுக்கும் ஒரே மொட்டை போதும் என்று குருக்கள் பெரிய மனசு பண்ணிவிட்டார். நாவிதர் வழித்து முடித்ததும் என் கூட்டாளி வந்து சுற்றிச்சுற்றி ஆராய்ந்து, தலையில் ஒன்றும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னான்.

அதே வாரம் ஓட்டு எண்ணினார்கள். மாமா கட்சி ஜெயித்தது. ஒரு ஓட்டு, இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் இல்லை, ஆயிரக்கணக்கில். எங்கள் தெருவே மொத்தமாக மாற்றிக் குத்தியிருந்தாலும் அது மாறியிருக்காது. எண்ணுகிற இடத்துக்கு மாமாவும் ஏஜெண்டாகப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம், கழுத்தில் வாடிய மாலையும் தொண்டைக்கட்டுமாக வீட்டுக்கு வந்தார். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே தன் செருப்பையும் கழற்றிப் போட்டார்.

"வாங்க மாப்ள, ஜெயிச்ச கட்சி. சாப்பிடுங்க" என்றார் அப்பா. தோற்ற வருத்தம் இருந்தது. ஆனால் தன் வீட்டு ஓட்டு தன் சின்னத்துக்கே விழுந்தது என்ற நிம்மதி அதைவிட அதிகமாக இருந்தது. மாமாவுக்கும் அதே நிம்மதி. ஏமாந்தது மற்றவர்தான் என்று நினைத்து, அந்த ஓட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்கவில்லை. வேலைக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒரு மாசத்தில் ஆர்டர் வந்துவிடும் என்றார். அந்த ஆர்டர் கடைசிவரை வரவில்லை. பெண் வீட்டார்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆர்டர் இல்லாமலே பெண்ணைக் கொடுத்தார்கள். அன்று அதெல்லாம் யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் எதிரெதிரே இலையில் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். நான் மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

மாமா எண்ணிக்கைக் கதையைச் சொன்னார். யாரோ ஒருவர் சீட்டில் முத்திரைக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்திருந்தாராம். இன்னொருவர் குத்தாமலே மடித்துப் போட்டிருந்தாராம்.

"அதெல்லாம் கூடப் பரவாயில்ல மச்சான். நம்ம பள்ளிக்கூடத்துப் பெட்டியில ஒண்ணு வந்துச்சு பாருங்க. ஒங்க சின்னத்துல ஒரு குத்து, எங்க சின்னத்துல ஒரு குத்து! கட்டத்த விட்டு ஒரு நூலு தாண்டல. அம்புட்டு நேர்த்தி. கோலம் போட்டாப்புல இருந்துச்சு."

அப்பா சிரிப்பில் புரையேறி இருமினார். "எவளோ கூறுகெட்டவ! ரெண்டு பேரையும் ஜெயிக்க வச்சிரலாம்னு பாத்துருக்கா."

"பொம்பளைன்னுதான் நானும் சொன்னேன். ஆம்பள இம்புட்டு அழகாக் குத்துவானா? அங்க இருந்த ஆபீசரே சிரிச்சிட்டாரு."

"படிச்சுப் படிச்சுச் சொல்லித் தந்தாலும் இதுகளுக்கு ஏறாது மாப்ள."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் மாமாவும் ஒன்றாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா மாமாவின் இலையில் ரசத்துக்குச் சோறு போட்டாள்.

"அந்தச் சீட்ட என்ன செஞ்சாக?" என்று கேட்டாள்.

"எத?"

"அந்தக் கூறுகெட்டவ சீட்ட."

"செல்லாததோட சேத்துக் கட்டி ஒரு ஓரமாப் போட்டாக. அத வச்சு என்ன செய்ய?"

"ம்" என்றாள் அம்மா. அப்பாவுக்கும் சோறு போட்டுவிட்டு, ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு அந்தப் பொம்பளையை நினைத்துப் பாவமாக இருந்தது. மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்ததுபோல அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அவள் யாராக இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய், அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அது யாரும்மா, ரெண்டுலயும் குத்துனது?"

அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்று சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"யாரோ, பாவம். பிள்ளகுட்டிக்காரியா இருப்பா" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்த அம்மாமார் எல்லாம் வாசலில் நின்றார்கள். என் அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தவிர மற்ற ஒவ்வொருத்தி முகத்தையும் அண்ணாந்து பார்த்து, இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று மணி அடிக்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.